நேர வரிசை: பொய்

ஜூலை 1, திங்கள்

தென்காசிக்கு வந்து இன்றோடு மூன்று வாரம். ஈரோட்டில் இருந்தவரை சாரல் என்றால் ஏதோ இனிமையான சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். துவைத்த துணி நான்கு நாளாகக் கொடியிலேயே ஈரமாகத் தொங்குகிறது. இனிமை என்று சொன்னவர் யாராவது கையில் கிடைத்தால் அவரையும் பிழிந்து அதே கொடியில் போடுவேன்.

ஆஸ்பத்திரியில் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே புகார்: நெட்வொர்க் திணறுகிறது. வெளிநோயாளி டோக்கன் திணறுகிறது, ரத்தப் பரிசோதனைக்கூடம் திணறுகிறது, எக்ஸ்ரே படம் பாதியில் நிற்கிறது. புதிதாக வந்த நெட்வொர்க் இன்ஜினியர் நான்தான் என்பதால், வருவதற்கு முன்னால் நடந்த திணறலுக்கும் நானே பொறுப்பு.

எங்கே அடைக்கிறது என்று தெரிய வேண்டுமானால் உள்ளே போவதைப் பார்க்க வேண்டும். கம்பிக்குள் எல்லாமே சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும். ஒவ்வொன்றின் மேலும் அனுப்புநர், பெறுநர் முகவரி உண்டு. அத்தனைக்கும் ஒரு நகல் எடுத்துக் கோப்பில் போட்டு வைக்க ஒரு கம்ப்யூட்டர் போதும். மூலையில் கிடந்த பழைய மெஷின் ஒன்றைத் தூசி தட்டி சர்வர் அறையில் வைத்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோப்பு என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். அதற்கு ஒட்டுக்கேட்பான் என்று பெயர் வைத்தாகிவிட்டது.

உள்ளே பேட்டரி செத்துப் போயிருந்தது. இயக்கியதும் 2009 ஜனவரி என்றது. வெளி இணையத்தோடு இணைக்காத மெஷின், கையால்தான் நேரம் வைக்க வேண்டும். சர்வர் அறைக்குள் செல்போன் கூடாது என்பது இங்கே சட்டம். நல்லவேளை, கண்ணாடிக் கதவுக்கு நேர் எதிரே ஹாலில் ஒரு பெரிய கடிகாரம். அது 9:35 என்றது, நானும் 9:35 என்று வைத்தேன். தபாலாபீஸ் முத்திரை மாதிரி, இனி ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒட்டுக்கேட்பான் தன் நேரத்தைக் குத்திக்கொண்டே இருக்கும்.

ஜூலை 2, செவ்வாய்

பிடித்ததில் கொஞ்சம் திறந்து பார்த்தேன். கட்டடம் முழுக்க ஏதோ ஒன்று பேசிக்கொண்டே இருக்கிறது. பிரசவ வார்டு பிரிண்டர் அரை நிமிடத்துக்கு ஒரு தரம் தன் பெயரைச் சொல்லி "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று கூவுகிறது. யாரும் அதைத் தேடவில்லை. ஹாலில் இருக்கும் டிவி, எங்கோ இருக்கும் தன் கம்பெனி சர்வரை ஓயாமல் கூப்பிடுகிறது, கதவு பூட்டியிருப்பது தெரியாமல் தட்டுகிற விருந்தாளி மாதிரி. இதையெல்லாம் பார்க்க எனக்குச் சம்பளமும் தருகிறார்கள் என்பதை வெளியில் சொல்லக்கூடாது.

இந்த ஊர்க்காரர்களின் நிதானம் தனி. ஒன்பது மணி ஷிஃப்டுக்கு ஹால் கடிகாரம் ஒன்பது பத்தைத் தொடும்போதுதான் கூட்டமாக உள்ளே நுழைகிறார்கள், விரல் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறார்கள். ஒருத்தரும் கேட்பதில்லை. ஈரோட்டில் மூன்று நிமிடம் தாமதமானால் எங்கள் மேனேஜர் முகத்தைப் பார்க்க முடியாது.

ஜூலை 3, புதன்

பெண்கள் வார்டில் பெரிய கலவரம். ஒரு அம்மாவுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. ரிசல்ட் வார்டுக்குத் தெரிய நேரமாகி, மருந்து தாமதமாகப் போய், அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சாயங்காலம் கண் விழித்துவிட்டார். மகன் மட்டும் ஹாலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

அவசர ரத்தம் பரிசோதனைக்கூடத்துக்கு வந்தால் பதினைந்து நிமிடத்துக்குள் ரிசல்ட்டை அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. ரத்தம் வந்தது 10:48. அதில் சந்தேகம் இல்லை, குழாயின் மேலுள்ள பார்கோடை ஸ்கேன் செய்தபோது ஆஸ்பத்திரி சர்வரே நேரத்தைக் குறித்திருக்கிறது. டெக்னீஷியன் ஆவுடையப்பன், 11:01க்கு அனுப்பியதாகப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார். பதின்மூன்று நிமிடம். வார்டு சிஸ்டர் ஜெபக்கனியோ 11:20க்குத்தான் திரையில் பார்த்ததாகச் சொல்கிறார்.

ஆவுடையப்பனை எனக்கு முகப்பழக்கம். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கேன்டீனில் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போகிற ஒரே ஆள்.

ஜூலை 4, வியாழன்

மருத்துவக் கண்காணிப்பாளர் டாக்டர் ரெங்கநாயகி கூப்பிட்டார். ரிசல்ட் எத்தனை மணிக்குப் போனது என்று சாஃப்ட்வேரில் பார்த்தால் 12:10 என்று இருக்கிறது. நோயாளி பெயரில் இருந்த எழுத்துப் பிழையை மத்தியானம் யாரோ திருத்தியிருக்கிறார்கள், திருத்திய நேரம் பழைய நேரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. இப்படி எழுதிய சாஃப்ட்வேர்காரரை என்ன சொல்ல.

"தமயந்தி, உங்க மெஷின் எல்லாத்தையும் பிடிச்சு வைக்குதுன்னு சொன்னீங்கள்ல? அதுல இருக்குமா?"

"இருக்கணுங்க டாக்டர். தேடிப் பார்த்துடறேன்."

தேடினேன். திரையில் படம் காட்டும் மென்பொருளில்தான் ஒவ்வொரு கோப்பாகத் திறக்க வேண்டியிருந்தது. பழைய மெஷின், மூன்று தரம் உறைந்து நின்றது. நான்காவது தரம் கிடைத்தேவிட்டது. பரிசோதனைக் கருவியிலிருந்து சர்வருக்கு ஒரு குட்டிப் பொட்டலம், உள்ளே அந்த அம்மாவின் எண், பொட்டாசியம் 6.9. அந்த நிமிடம் எனக்கு உண்டான சந்தோஷம் இருக்கிறதே, வைக்கோல் போரில் ஊசியைத் தேடி எடுத்தவளுக்குத்தான் தெரியும். முத்திரை நேரம் 11:11:04.

பதின்மூன்று நிமிடம் இல்லை, இருபத்து மூன்று. வார்டுத் திரை அதைக் கேட்டு வாங்கிய பொட்டலமும் கிடைத்தது, 11:30. சிஸ்டர் 11:20 என்றாரே என்று ஒரு நொடி யோசித்தேன். மனிதர்கள் தங்கள் தாமதத்தைக் கொஞ்சம் சுருக்கித்தான் சொல்வார்கள். இரண்டு பேருமே சுருக்கியிருக்கிறார்கள்.

ஒரு பக்கத்தில் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். டாக்டர் இரண்டு தரம் படித்துவிட்டு, "இந்த ஆஸ்பத்திரியில முதல் தடவையா ஒருத்தர் ஆதாரத்தோட வந்து நிக்கிறீங்க" என்றார். எனக்கு இன்னும் தகுதிகாண் பருவம் முடியவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது சாரல்கூட அவ்வளவு மோசமில்லை என்று தோன்றியது.

ஜூலை 5, வெள்ளி

ஆவுடையப்பனைத் தற்காலிக வேலை நீக்கம் செய்துவிட்டார்கள். தாமதத்துக்காக மட்டும் இல்லை. நடந்தது 11:11, எழுதியது 11:01, ஆகவே பதிவேட்டில் பொய்ப் பதிவு. அந்தக் குற்றம் நிரூபணமானால் வேலை போய்விடும், வேறு எந்தப் பரிசோதனைக்கூடத்திலும் சேர்க்க மாட்டார்கள் என்று வரவேற்பில் இருக்கும் சேர்மக்கனி சொன்னாள். விசாரணை பதினைந்தாம் தேதி.

பதினொரு மணி வாக்கில் அவரே என் அறைக்கு வந்தார். சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்து முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

"மேடம், அந்தப் பொட்டலத்த நான் பாக்கலாமா? எப்பிடி இருக்கும்னு ஒரு தடவ பாக்கணும்."

காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். எண்களின் மேல் விரல் படாமல் விரலை ஓட்டினார்.

"இது நான் அனுப்புனதுதான். நம்பர் செரியா இருக்கு. ஆனா நான் கைக்கடிகாரத்தப் பாத்துத்தான எழுதுனேன். பதினொன்னு ஒண்ணு."

"பொட்டலத்து மேல பதினொன்னு பதினொன்னுன்னு இருக்குதுங்களே."

"இருக்கு. இல்லேங்கல." கொஞ்சம் தயங்கினார். "இந்த மெசினுக்கு மணி எங்கன இருந்து வருது மேடம்?"

"அதெல்லாம் சரியாத்தானுங்க இருக்கும். கம்ப்யூட்டர் ஆச்சுங்களே."

அவர் தலையை ஆட்டினார். கையைத் திருப்பி தன் கடிகாரத்தைப் பார்த்தார், காதருகே வைத்துக் கேட்டார். "மெசின் பொய் சொல்லாதுலா. நாந்தான் தப்பாப் பாத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல மனிதர்கள்தான் தப்பும் செய்கிறார்கள். என்ன செய்ய.

ஜூலை 6, சனி

காஸ் தீர்ந்துவிட்டது. பன்னும் வாழைப்பழமும்.

ஜூலை 8, திங்கள்

டாக்டர் விசாரணைக்கு ஒரு பட்டியல் கேட்கிறார். மூன்றாம் தேதி பிடித்த கோப்புகள் அத்தனையும், எது எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, நடுவில் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் கைரேகை மாதிரி ஒரு சரிபார்ப்பு எண், எல்லாம் வேண்டும். ஒரு நாளுக்கு 288 கோப்பு. படம் காட்டும் மென்பொருளில் ஒவ்வொன்றாகத் திறந்தால் அடுத்த சாரலுக்குள் முடிக்கலாம்.

அப்போதுதான் கேப்இன்ஃபோஸ் நினைவுக்கு வந்தது. கருப்புத் திரையில் கட்டளை எழுதி ஓட்டுகிற சின்னக் கருவி. பொத்தான் கிடையாது, படம் கிடையாது. கோப்பைத் திறந்து பொட்டலங்களைக் காட்டாது. கோப்பைப் பற்றிச் சுருக்கம் மட்டும் சொல்லும்: எத்தனை பொட்டலம், முதல் முத்திரை எப்போது, கடைசி முத்திரை எப்போது, சராசரி வேகம் என்ன. பெண் பார்க்கப் போகுமுன் தரகர் கொடுக்கும் குறிப்புச் சீட்டு மாதிரி.

ஒட்டுக்கேட்பானில் அது இல்லை. டாக்டரிடம் அனுமதி வாங்கி, வெளி இணையக் கம்பியை அதில் கால் மணி நேரம் மட்டும் செருகி, இறக்கிக்கொண்டு, கம்பியைப் பிடுங்கிவிட்டேன். பிடிக்கிற வேலையை நிறுத்தவில்லை, அது பாட்டுக்கு ஓடியது. நான்கு மணிக்குள் எல்லாம் முடிந்தது.

ஜூலை 9, செவ்வாய்

இந்தக் கருவிக்கு நான் அடிமையாகிவிட்டேன். ஒரு கட்டளைக்கு ஒரு கோப்பு என்று தொடங்கினேன், பிறகு ஓர் எழுத்தைச் சேர்த்தால் எல்லாக் கோப்பையும் ஒரே அட்டவணையாக, கோப்புக்கு ஒரு வரியாகத் தருகிறது என்று கண்டுபிடித்தேன். 288 வரி பன்னிரண்டு நொடியில் வந்து விழுந்தது. திரும்பவும் ஓட்டினேன், வேண்டும் என்று இல்லை, விழுவதைப் பார்க்கத்தான்.

உள்ளே ஒரு பொட்டலத்தைக்கூடத் திறக்காமல் ஆஸ்பத்திரியின் ஒரு நாள் முழுக்கத் தெரிகிறது. காலை ஆறரைக்கு எண்ணிக்கை மெல்ல ஏறுகிறது, ரத்தம் எடுக்க வருகிறார்கள். பத்து மணிக்குக் கொதிக்கிறது. பகல் ஒன்று பத்துக்கு மேல் இரண்டு வரி சட்டென்று சுருங்குகிறது, அது சாப்பாடு. ஒரு மணிக்குத்தானே கேன்டீன் மணி அடிக்கும் என்று முதலில் குழம்பினேன். இந்த ஊரில் எல்லாமே கொஞ்சம் தள்ளித்தான் நடக்கும் போல.

மூன்றாம் தேதிப் பட்டியலை அச்செடுத்து முடித்துவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். ஒன்றாம் தேதியிலிருந்து இன்றுவரை உள்ள இரண்டாயிரத்துச் சொச்சம் கோப்புகளையும் ஓட்டிவிட்டுத்தான் எழுந்தேன். யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஜூலை 10, புதன்

அட்டவணையின் கடைசிப் பத்தியில் ஒரு கேள்வி உண்டு: பொட்டலங்கள் கண்டிப்பான நேர வரிசையில் இருக்கின்றனவா? அதாவது பின்னால் வந்தது பின்னால்தான் இருக்கிறதா. பதில் ஆங்கிலத்தில் மெய் அல்லது பொய். இரண்டாயிரத்துச் சொச்சம் வரியில் மெய், மெய், மெய். கண் வழுக்கிக்கொண்டே போய் எட்டாம் தேதி பிற்பகலில் ஒரு வரியில் இடித்து நின்றது.

நேர வரிசை: பொய்.

ஒரே ஒரு கோப்பு. ஐந்து நிமிடக் கோப்பில் முதல் முத்திரைக்கும் கடைசி முத்திரைக்கும் இடையே ஏறக்குறைய பத்து நிமிடம் என்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நெட்வொர்க் அட்டை கெட்டிருக்குமோ, கோப்பு சிதைந்திருக்குமோ, கருவியின் கோளாறோ. ஒரு நாள் நிம்மதியாக யோசிக்க நல்ல பண்டம் கிடைத்தது.

சேர்மக்கனி கேட்டாள், "என்ன மேடம், சம்பளம் ஏறிட்டா? மொகம் ஜொலிக்கு."

"ஒரு கோப்புல நேரம் பின்னால போகுதுங்க."

"எனக்கும் அப்பிடிப் போனா நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு டோக்கன் கிழிக்கப் போய்விட்டாள்.

ஜூலை 11, வியாழன்

காஸ் வந்துவிட்டது. இட்லி மாவு அரைத்து வைத்தேன்.

அந்தக் கோப்பைத் திறந்தேன். சிதைவு எதுவும் இல்லை. பொட்டலங்கள் ஒழுங்காக வந்துகொண்டே இருக்கின்றன. 3:42:18க்கு ஒன்று. அடுத்தது 3:32:26. அதிலிருந்து திரும்பவும் ஒழுங்காக முன்னால் போகின்றன. கடிகாரம் ஒன்பது நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி பின்னால் குதித்திருக்கிறது.

அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? கேப்இன்ஃபோஸை இறக்க வெளிக் கம்பியைச் செருகினேன். வெளி உலகத்தைப் பார்த்ததும் மெஷின் தன் நேரத்தைத் தானே சரி செய்துகொண்டிருக்கிறது. எல்லாக் கம்ப்யூட்டரும் செய்வதுதான். ஆக எட்டாம் தேதி வரை அது ஏறக்குறைய பத்து நிமிடம் முன்னால் ஓடியிருக்கிறது.

பழைய மெஷின், ஒரே வாரத்தில் கடிகாரம் இவ்வளவு ஓடிவிடுமா? நாளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல். கேள்விப்பட்டதில்லை. அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடியிருந்தால் மூன்றாம் தேதி இரண்டு மூன்று நிமிடம்தான் வித்தியாசம் இருந்திருக்கும், என் அறிக்கைக்குப் பெரிய சேதம் இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். நாளை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

சாப்பாட்டுக்குப் பிறகு வரவேற்பில் நின்றுகொண்டிருந்தேன். கையில் செல்போன் இருந்தது. அதில் 2:40. தலையை நிமிர்த்தினேன். ஹால் கடிகாரத்தில் 2:50.

"சேர்மக்கனி, இந்தக் கடிகாரம் தப்பா ஓடுதுங்களே."

"தப்பால்லாம் இல்ல மேடம். பத்து நிமிசம் கூட்டி வச்சிருக்கு. பெரிய டாக்டர் இருந்த காலத்துல எல்லாரும் லேட்டா வாராவன்னு வச்சாவ. இப்ப எல்லாரும் பத்தக் கழிச்சிட்டுத்தான் பாப்போம். எல்லாருக்கும் தெரியும்லா."

எல்லாருக்கும் தெரியும்.

ஒட்டுக்கேட்பானிடம் போனேன். மூன்றாம் தேதி அந்த ரத்தக் குழாயை ஸ்கேன் செய்த பொட்டலத்தைத் தேடினேன். அதை நான் அன்றைக்குத் தேடவே இல்லை, யாரும் கேட்கவில்லை என்பதால். சர்வர் குறித்த நேரம் 10:48. ஒட்டுக்கேட்பான் குத்திய முத்திரை 10:58.

பத்தைக் கழித்தால் ரிசல்ட் 11:01. சிஸ்டர் பார்த்தது 11:20. அவரவர் சொன்னது அப்படியே உட்காருகிறது. வார்டுத் திரையைப் பற்றியும் இப்போதுதான் கவனித்தேன். அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது, யாராவது பொத்தானை அழுத்தினால்தான் புது ரிசல்ட்டைக் கேட்டு வாங்கும். ரிசல்ட் பத்தொன்பது நிமிடம் சர்வரில் காத்துக் கிடந்திருக்கிறது.

டாக்டர் ரெங்கநாயகி நான்கு மணி வரை அறையில் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. இன்னும் ஒரு தரம் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுச் சொல்வதுதான் முறை என்று திரும்பிவிட்டேன். எப்படியும் விசாரணை திங்கட்கிழமைதான்.

ஜூலை 13, சனி

தலைவலி. லீவு சொன்னேன். மாவு புளித்துவிட்டது.

ஜூலை 14, ஞாயிறு

துணி காய்ந்துவிட்டது, இரண்டு நாளாக வெயில். மடித்து வைத்தேன். அலமாரிக்குப் புதுத்தாள் விரித்தேன். குளியலறையைத் தேய்த்துக் கழுவினேன். பிறகு உட்கார்ந்து புது அறிக்கையை எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது. முதல் பத்தி, "இன்று காலை இறுதிச் சரிபார்ப்பின்போது கண்டறியப்பட்டது" என்று தொடங்குகிறது. நாளைய தேதி போட்டிருக்கிறேன். அலுவலக அறிக்கைகள் அப்படித்தான் தொடங்கும்.

பதினொரு மணிக்கு டாக்டரே போன் செய்தார். "நாளைக்கு ரொம்ப நேரம் ஆகாது தமயந்தி. ஆவுடையப்பன் நேத்து சாயங்காலமே வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கடிதம் குடுத்துட்டாரு. நேரத்த மாத்தி எழுதினது தான்தான்னு ஒத்துக்கிட்டாரு. பாவம், இருபத்தி ரெண்டு வருஷ சர்வீஸ். ராஜினாமாவா வாங்கிட்டு விட்டுடலாம்னு இருக்கோம். நீங்க சும்மா வந்து உட்கார்ந்தாப் போதும்."

"டாக்டர்" என்றேன்.

"சொல்லுங்க?"

"நாளைக்கு நேர்ல சொல்றேனுங்க."

செய்யாத தப்பை ஒருவர் எப்படி ஒத்துக்கொள்வார்? ஒத்துக்கொண்டிருக்கிறார். நேற்று சாயங்காலம். நேற்று சாயங்காலம் நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவலி எல்லாம் ஒன்றும் இல்லை.

ஜூலை 15, திங்கள்

பத்தரைக்கு விசாரணை. நடுவில் டாக்டர் ரெங்கநாயகி, இரண்டு பக்கமும் நிர்வாகத்திலிருந்து ஒவ்வொருவர். ஆவுடையப்பன் தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கையில் கடிகாரம் இல்லை. கடிதத்தை அவரையே படிக்கச் சொன்னார்கள். "11:11 மணிக்கு அனுப்பிய ரிசல்ட்டை 11:01 என்று பொய்யாக" வரை வந்தபோது நான் எழுந்துவிட்டேன்.

"அந்தக் கடிதம் தப்புங்க. அவர் எழுதுன நேரந்தான் சரி. என்னோட மெஷின்தான் பத்து நிமிஷம் முன்னால ஓடுச்சு. நேரம் வச்சது நான். ஹால் கடிகாரத்தப் பார்த்து வச்சேன்."

அறிக்கையின் நகலை மூன்று பேருக்கும் கொடுத்து, ஒரே பொட்டலத்தின் மேல் சர்வர் போட்ட 10:48ஐயும் ஒட்டுக்கேட்பான் போட்ட 10:58ஐயும் காட்டினேன். நேரம் பின்னால் குதித்த கோப்பைக் காட்டினேன். வார்டுத் திரை பற்றிச் சொன்னேன். டாக்டர் சட்டென்று புரிந்துகொண்டார். ஹால் கடிகாரம் என்றதுமே நெற்றியில் கை வைத்துவிட்டார்.

ஆவுடையப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நான் செரியாத்தான் பாத்திருக்கேனா மேடம்?"

"சரியாத்தானுங்க பார்த்திருக்கீங்க."

அவர் உட்கார்ந்தார். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

அப்போது டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். குற்றம் கண்டுபிடிக்க இல்லை, குறிப்பில் எழுத வேண்டும் என்பதற்காகத்தான். "இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது தமயந்தி?"

பதில் அவர் கையில் இருந்த தாளின் முதல் வரியிலேயே இருந்தது. நான் தலையை ஆட்டினால் போதும்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம். ரெண்டு நாப்பதுக்கு."

இடப்பக்கம் இருந்தவர் தாளைப் பார்த்தார். "இதுல இன்னைக்குக் காலைலன்னு போட்டிருக்கே?"

"அது பொய்ப் பதிவுங்க" என்றேன். "நான்தான் எழுதுனேன்."

கடிதத்தை ஆவுடையப்பனிடம் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று பிற்பகலிலிருந்தே அவர் வேலைக்கு வரலாம். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வரும், தகுதிகாண் பருவம் ஆறு மாதம் நீளும் என்று டாக்டர் சொன்னார். ஏன் வெள்ளிக்கிழமையே சொல்லவில்லை என்று கேட்டார். முதல் அறிக்கைக்கு நீங்கள் பாராட்டினீர்கள், அதை இழக்க மனம் வரவில்லை என்று சொன்னேன். இதற்கு மேல் விளக்கத்தில் எழுத எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

வெளியே தாழ்வாரத்தில் ஆவுடையப்பன் நின்றுகொண்டிருந்தார். கை கூப்பவில்லை.

"வெள்ளிக்கெழமையே தெரியுமா மேடம்?"

"தெரியுங்க."

"நான் சனிக்கெழம சாய்ங்காலந்தான் லெட்டர் குடுத்தேன்." மடித்த தாளைப் பிரித்துக் காட்டினார். நீல மையில், அச்சடித்த மாதிரி எழுத்து. "எனக்குக் கையெழுத்து நல்லா இருக்காது. எம்மக எழுதுனா. பதினொன்னு படிக்கா. நான் சொல்லச் சொல்ல எழுதுனா. நான் பொய் எழுதுனேன்னு, எம்மவ கையால."

தாளை வாங்கிக் கடைசி வரி வரை படித்தேன்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம். அவகிட்ட வந்து சொல்லுங்க. நாளைக்குன்னு சொல்லாதீய."

சாயங்காலம் போனேன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், மாடிப்படிக்குக் கீழே ஒரு வீடு. அந்தப் பெண்தான் கதவைத் திறந்தாள், பெயர் உலகநாயகி, இன்னும் சீருடையில் இருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடிகாரம், பத்து நிமிடம், அவளுடைய அப்பா எழுதியது சரி, எனக்கு அது வெள்ளிக்கிழமையே தெரியும் என்பது வரை. ஆவுடையப்பன் வேலைக்குப் போயிருந்தார்.

"நீங்க வெள்ளிக்கெழமையே சொல்லியிருந்தா நான் அந்த லெட்டர எழுதியிருக்க வேண்டாம்லா?"

"வேண்டாம்மா" என்றேன்.

"எழுதும்போது நானும் அப்பா பொய் சொல்லிட்டாருன்னுதான் நெனச்சேன்" என்றாள்.